கேஸ் அலமாரியின் அடியில் ஓர் ஓட்டை

ஜாபரின் வண்டியைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மதுரைப் பக்கம் நான் இருந்த மூன்று நாளில் நடந்துகொண்ட விதம் யாருக்கும் புரியாது.

ஜாபரும் நானும் ஏழு வருடம் ஒரே லாரியில் ஓடியவர்கள். ஒருவன் ஓட்டினால் ஒருவன் தூங்குவான். மழை வந்தால் லாரிக்கு அடியில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்ற வைத்துச் சோறு பொங்குவோம். வீட்டையே சக்கரத்தின் மேல் வைத்து ஓட்டினால் எப்படி இருக்கும் என்று முதலில் சொன்னவன் நான். அப்போது அவன் சிரித்தான். லாரியை விட்டதும் அவன் மதுரை சிம்மக்கல்லில் அப்பாவின் கயிற்றுக்கடைக்குப் போய்விட்டான். நான் அரக்கோணத்தில் ஒரு பழைய வேனை வாங்கி, பின் சீட்டைக் கழற்றிப் பலகை அடித்து, ஐந்து கிலோ சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் வைத்துக்கொண்டு ஆறு வருடமாகச் சுற்றுகிறேன். மழைக்கு ஒழுகும். வெயிலுக்குக் கொதிக்கும். பழகிவிட்டது.

போன மாதம் ஜாபர் போன் செய்தான். "மாப்ள, வண்டி வாங்கிட்டேன். வீட்டு வண்டி. நானும் ரஷீதாவும் வடக்க போறோம், பனி பாக்க. கேஸு மட்டும் ஒண்ணும் புரியல. நீ வந்து பாத்துக் குடு."

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். லாரிக்கு முன்னால் நாலு வருடம் வீடு வீடாக சிலிண்டர் தூக்கினேன். என்னிடம் இருக்கும் ஒரே படிப்பு அதுதான். கிளம்பிவிட்டேன்.

வண்டி மதுரைக்கு வெளியே பரவையில் நின்றது. சிம்மக்கல் சந்துக்குள் அது நுழையாது என்பதால், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஜாபருடைய மாமாவின் வெங்காயக் குடோன் வளாகத்தில் விட்டிருந்தார்கள். நான் போனபோது காலை பத்து மணி. வெங்காயச் சருகு காற்றில் பறந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் வெள்ளையாக, என் வேனைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில் நின்றது. கோயம்புத்தூரில் யாரோ ஒருவர் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கட்டிய வண்டியாம். கட்டி முடித்ததும் அவர் மனைவிக்கு முதுகுவலி வந்து, ஒரு பயணம்கூடப் போகாமல் விற்றுவிட்டாராம்.

ரஷீதா கதவைத் திறந்து காட்டினாள். ஜாபரின் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். "வாங்கண்ணே, செருப்பக் கழட்ட வேணாம்" என்றாள். கழற்றாமல் எப்படி ஏறுவது? தரை அப்படி இருந்தது.

மூன்று அடுப்பு. கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ். கேஸில் ஓடும் வெந்நீர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு. கணுக்கால் உயரத்தில், சுவரோடு ஒட்டி, சிவப்புக் கண் வைத்த ஒரு சின்னப் பெட்டி. கேஸ் கசிந்தால் கத்தும். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகத்தான் ஊரும் என்பதால் அதைக் கீழே வைத்திருக்கிறார்கள். போனில் நூறு தடவை பார்த்து ஏங்கிய சாமான்கள் அத்தனையும் ஒரே இடத்தில். நான் அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். தூசிகூட இல்லை.

"எப்படி மாப்ள?" என்றான் ஜாபர்.

"பரவாயில்ல" என்றேன்.

மாமா வந்து சேர்ந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "இந்த மார்க்கெட்டுப் பெருச்சாளி இருக்கே, போன வாரம் என் காரு ஒயரப் பூராத் தின்னுருச்சு. அதான் வந்த அன்னைக்கே இந்த வண்டிக்கு அடியில படுத்து, எங்கெங்க ஓட்டை தெரிஞ்சிச்சோ அம்புட்டையும் அடைச்சுப்புட்டேன். இனி ஒரு எலி ஏறாது."

"மாமு இல்லன்னா அவ்வளவுதான்" என்றான் ஜாபர். நானும் தலையாட்டினேன். அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மதியம் மாமா வீட்டிலிருந்து நெய்ச்சோறும் தால்ச்சாவும் வந்தது. எங்கள் பக்கம் சாம்பார் என்றால் சாம்பார், கறி என்றால் கறி. பருப்பையும் எலும்பையும் ஒன்றாகப் போட்டு, கத்திரிக்காயும் மாங்காயும் சேர்த்து, இத்தனை நிதானமாக ஒருவர் யோசித்திருக்கிறார் என்பதே எனக்கு ஆச்சரியம். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். பொறாமை பசியைக் குறைப்பதில்லை.

சாப்பிட்டபின் கேஸ் விஷயத்துக்கு வந்தோம். வண்டியோடு வந்தது வெளிநாட்டு அலுமினிய சிலிண்டர். காலி. அதை நிரப்ப ஜாபர் ஒரு வாரமாக அலைந்திருக்கிறான். ஏஜென்சியில் வேறு கம்பெனி சிலிண்டரைத் தொடவே மாட்டோம் என்றார்கள். ஆட்டோவுக்கு கேஸ் பிடிக்கிற பங்க்கில் துரத்திவிட்டார்கள். கடைசியில் ஒருவன் கிடைத்திருக்கிறான். வீட்டுச் சிலிண்டரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, டியூப் மாட்டி, இதற்குள் இறக்கித் தருவானாம்.

"முடியாது" என்றேன்.

"ஏன் மாப்ள?"

"சிலிண்டர்ல அஞ்சுல நாலு பங்குதான் நிரப்பணும். மிச்சம் காலியா இருக்கணும். வெயில்ல உள்ள இருக்கறது விரியும், அதுக்கு எடம் வேணும். அவன் எடை போடுவானா? கழுத்து வரைக்கும் ரொப்பிடுவான். சித்திரை வெயில்ல உன் வண்டி நிக்கும்போது என்ன ஆகும்னு நீயே யோசி. இது நிரப்பவே முடியாத சிலிண்டர்."

நான் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் சொல்லும்போது உள்ளுக்குள் இனித்தது. மூன்று அடுப்பும் பற்றாது. ஃபிரிட்ஜ் குளிராது.

ரஷீதா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்க என்னண்ணே வச்சிருக்கீங்க?" என்றாள்.

"அஞ்சு கிலோ. நம்ம ஊரு சிலிண்டர். காலியானா குடுத்துட்டு வேற வாங்கிக்கலாம்."

"அப்ப அதே ரெண்டு வாங்கி, நம்ம ஊரு ரெகுலேட்டரப் போட்டு, இந்தப் பைப்புல சேத்துட்டா? அடுப்புக்குப் போற அழுத்தம் ரெண்டுலயும் ஒண்ணுதான்னு அடுப்போட புஸ்தகத்துல இருக்கு. நான் ரெகுலேட்டரையும் பாத்துட்டேன்."

நாலு வருடம் சிலிண்டர் தூக்கியவனுக்குத் தோன்றாதது டீச்சருக்குத் தோன்றிவிட்டது. "ஆகும்" என்றேன். "ஆனா பனியில நம்ம கேஸ் சரியா எழும்பாது. வெளிநாட்டுல போடறது வேற கேஸ், அது குளிருக்குத் தாங்கும்."

"அங்க போய்க் குளுருனா கடைல டீ குடிச்சுக்கிறோம்" என்றாள்.

மறுநாள் காலை ஜாபரும் நானும் டவுன் பஸ்ஸில் சிம்மக்கல் போனோம். ஏறும்போதே கண்டக்டர், "உள்ள போங்கண்ணே, உள்ள போங்க, உள்ள மைதானம் மாதிரி கெடக்கு" என்று கத்திக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு கூடை மல்லிகைப்பூவுக்கும் ஒரு சைக்கிள் டயருக்கும் நடுவில் ஒற்றைக்காலில் நின்றேன். இறங்கியதும் தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கித் தந்தான். சுக்கும் கருப்பட்டியும் தொண்டையைப் பிடித்தது. அந்த ஒரு டம்ளர் நேரம் மட்டும் அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

கேஸ் அடுப்புச் சாமான் கடைக்காரர் ஜாபரைப் பார்த்ததும், "என்ன மாப்ள, கடைய வித்துட்டு பிச்சைக்காரன் மாதிரி ரோடு ரோடாத் திரியப் போறியாமே?" என்றார்.

"விக்கலண்ணே, தம்பி பாத்துக்குவான்."

"வீட்டுல ஒக்காந்து திங்க முடியாதவன்தான் வண்டியில ஒக்காந்து திம்பான்" என்று அவர் சிரித்தார். நான் டியூப்பைத் தேர்ந்தெடுத்தேன். ஆரஞ்சு நிறம், உள்ளே கம்பி வலை, வருடம் அச்சடித்தது. பித்தளை முனை ஒன்று, டியூப்பை இறுக்கும் கிளிப் நாலு, சிலிண்டர் வாய்க்கு ரப்பர் வாஷர் அரை டஜன். கடைக்காரர் என் கையைக் கவனித்தார். "அண்ணனுக்கு வேலை தெரியும்போல" என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது.

சிலிண்டர் இரண்டையும் ரெகுலேட்டரையும் வாங்கிக்கொண்டு பரவைக்குத் திரும்பினால், ரஷீதாவின் சொந்தக்காரர்கள் ஒரு ஆட்டோ நிறைய வந்து இறங்கியிருந்தார்கள். வழியனுப்ப வந்தவர்கள். சென்ட் பாட்டில், பேரீச்சம்பழம், முறுக்கு டப்பா என்று வண்டிக்குள் குவிந்துகொண்டிருந்தது. ஒரு பெரியவர் என்னைப் பார்த்து யார் என்று கேட்டார்.

"இவன் ஏழுமலை. முன்னாடி வீடு வீடா சிலிண்டர் போட்டவன் மாமா" என்றான் ஜாபர். "நம்ம வீட்டுக்கும் போட வந்திருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு அவன் சொல்லவில்லை. எனக்கும் தெரியும். ஆனால் லாரிக்கு அடியில் சோறு பொங்கிய ஏழு வருடத்தை அவன் சொல்லவில்லை. சக்கர வீடு என் யோசனை என்று சொல்லவில்லை. நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனேன்.

சிலிண்டர் நிற்பதற்குத் தனி அலமாரி. வெளியிலிருந்து திறக்கும் கதவு. வண்டிக்குள் காற்று போகாதபடி சுற்றிலும் ரப்பர். இரண்டு சிலிண்டரையும் நிமிர்த்தி நிறுத்தி, பெல்ட்டால் கட்டினேன். பித்தளை முனையைப் பைப்பில் முடுக்கி, டியூப்பை ஏற்றி, கிளிப்பை இறுக்கினேன். வாஷரைச் சரிபார்த்து ரெகுலேட்டரை உட்கார வைத்தேன். சோப்புத் தண்ணீரைக் கலக்கி மூட்டு மூட்டாகத் தடவினேன். குமிழி வரவில்லை. எவ்வளவு தடவிப் பார்த்தும் வரவில்லை.

ஸ்பேனர் கைதவறி அலமாரியின் அடியில் விழுந்தது. எடுக்கக் கையை விட்டபோது விரலில் தார் ஒட்டியது. குனிந்து பார்த்தேன். இந்த மாதிரி அலமாரிக்கு அடியில் ஒரு ஓட்டை இருக்கும். தரை தெரியும். அதுதான் அந்த அலமாரியின் உயிர். கசிந்த கேஸ் தண்ணீர் மாதிரிக் கீழே இறங்கி ரோட்டில் போய்விடுவதற்கு. அந்த ஓட்டைக்குள் மாமா சாக்குத் துணியைத் திணித்து, மேலே தாரைப் பூசி, பெருச்சாளி வராமல் அடைத்திருந்தார்.

ஜாபர் எட்டிப் பார்த்தான். பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். "எல்லாம் சரிதானே மாப்ள?"

"சரிதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்று நான் யோசிக்கவில்லை. குமிழி வரவில்லையே, கசிந்தால்தானே ஓட்டை வேண்டும் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். விரலில் ஒட்டிய தாரை மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்தேன். அடுப்பு மூன்றும் நீலமாக எரிந்தது. ரஷீதா முதல் டீயை எனக்குத்தான் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் காலை அவர்களுக்கு முன்னால் நான் கிளம்பிவிட்டேன். உசிலம்பட்டிப் பக்கம் போய் அங்கிருந்து மலைக்கு ஏறலாம் என்று உத்தேசம். செக்கானூரணியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். நான் டீ கேட்ட நேரம் பார்த்து அடுப்பு அணைந்தது. சிலிண்டர் தீர்ந்துவிட்டது. கடைக்கார அம்மா புதுச் சிலிண்டரை உருட்டி வந்து மூடியைக் கழற்றும் முன் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் ஒருவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"யண்ணே, அந்த பீடிய அணைச்சுட்டு அங்கிட்டுப் போய் நில்லுங்க."

"நான் பாட்டுக்கு ஓரமாத்தான இருக்கேன்?"

"ஓரமா இருந்தாலும் வெந்தாக் கருகத்தான செய்வீக? எந்திரிங்க."

அவர் முனகிக்கொண்டு எழுந்து போனார். அந்த அம்மாவுக்கு அவர் யாரென்றுகூடத் தெரியாது. என் டீ வருவதற்குள் நான் வேனில் ஏறிவிட்டேன்.

ஜாபருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்பது லாரியில் நாங்கள் இருவரும் போட்ட சட்டம். அதை அவன் இன்னும் காப்பாற்றுகிறான். ரஷீதாவின் நம்பர் என்னிடம் இல்லை. பரவைக்குப் போனால் குடோன் வாசலில் டயர் தடம் மட்டும் இருந்தது. மாமா, "இப்பத்தான் ஒரு மணி நேரம் இருக்கும், திண்டுக்கல் ரோட்டுல போறாக" என்றார். வேனை அந்த ரோட்டில் விரட்டினேன்.

சமயநல்லூரில் என் வேன் வழக்கம்போலக் கொதித்து நின்றது. கொதித்த வண்டியில் அவசரப்பட்டு மூடியைத் திறந்தால் முகம் போய்விடும். ஆறும்வரை ரோட்டோரம் நின்றேன். என் வாழ்நாளில் அத்தனை நீளமான கால் மணி நேரத்தை நான் பார்த்ததில்லை. இளநீர் விற்றுக்கொண்டிருந்தவரிடம், உயரமான வெள்ளை வண்டி போனதா என்று கேட்டேன்.

"போச்சுண்ணே. வீடு மாதிரி. ஏங்கிட்ட ரெண்டு எளநி வாங்குனாக. அம்புட்டுப் பெரிய வண்டி, உள்ள என்னமோ கீய் கீய்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. அப்பறம் அந்தாளு என்னமோ பிடுங்கினாரு, நின்னுருச்சு."

குடத்தில் இருந்த தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிவிட்டு ஏறினேன்.

வாடிப்பட்டியைத் தாண்டி, தென்னந்தோப்போரமாக அது நின்றது. பக்கக் கதவு திறந்திருந்தது. படியில் ஜாபர் உட்கார்ந்திருந்தான். உள்ளே ரஷீதா அடுப்பின் மேல் பாத்திரத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்பத் தொடாதீங்க!" என்று வேனை நிறுத்தும் முன்பே கத்தினேன். "எறங்குங்க. சுவிட்ச் எதையும் தொடாம எறங்குங்க."

அவள் பயந்து இறங்கினாள். "என்னண்ணே? காலைலருந்து ஒரு வாடை. முட்டை அழுகிருச்சுன்னு நெனச்சு ஒரு டஜன் முட்டையையும் சமயநல்லூர்லயே தூக்கி எறிஞ்சிட்டேன்."

"அந்தப் பொட்டியும் கத்துச்சு மாப்ள" என்றான் ஜாபர். "சென்ட் வாசனைக்குக்கூடக் கத்தும்னு வித்தவரு சொல்லியிருந்தாரு. உள்ள பூரா சென்ட்டுதான? அதான் பிடுங்கிட்டேன்."

நான் வெளியிலிருந்து அலமாரியைத் திறந்தேன். வாடை முகத்தில் அடித்தது. ரெகுலேட்டரைக் கழற்றினேன். இருக்கும் கதவு அத்தனையும் திறக்கச் சொல்லி அவர்களைத் தள்ளி நிற்கவைத்தேன். பிறகு மரக்குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துத் தாரைக் குத்தினேன். மாமா நன்றாகத்தான் அடைத்திருந்தார். கை வலிக்கக் குத்தியபின் சாக்குத் துணி பிய்ந்து என் முகத்தில் விழுந்தது. கூடவே அந்த வாடையும் இறங்கியது.

அரை மணி நேரம் காற்றாடவிட்டு, ரெகுலேட்டரைத் திரும்ப மாட்டி, ஒரு கணம் மட்டும் கேஸைத் திறந்து, சோப்புத் தண்ணீர் தடவினேன். குமிழி வந்தது. நான் முடுக்கிய கிளிப்பில்தான். ரோட்டின் ஆட்டத்தில் தளர்ந்திருந்தது. கசிந்தது கீழே போக வழியில்லாமல் அலமாரி நிறைந்து, பைப் நுழைகிற இடுக்கு வழியாக உள்ளே ஊர்ந்திருக்கிறது. இரண்டாவது கிளிப்பும் போட்டு இறுக்கினேன். குமிழி நின்றது. பிடுங்கிய பெட்டியை மாட்டச் சொன்னேன். அது கத்தவில்லை.

ஜாபர் கையில் அந்தச் சாக்குத் துணியை வைத்திருந்தான். தாரை விரலால் தேய்த்துப் பார்த்தான். முந்தின நாள் என் விரலை நான் மண்ணெண்ணெயில் துடைத்ததை அவனும் பார்த்திருக்க வேண்டும்.

"இது ஒனக்கு நேத்தே தெரியும்."

"தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். எதுவும் அகப்படவில்லை.

"வண்டி ரொம்ப நல்லாருந்துச்சு" என்றேன். "அதான்."

அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. துணியைச் சுருட்டி ரோட்டில் எறிந்துவிட்டுத் தென்னைமரத்தடியில் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அடித்திருக்கலாம்.

ரஷீதா என் வேன் பக்கம் போனாள். கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். ஒழுகல் கறை, பலகைக் கட்டில், அதன் தலைமாட்டில் சிலிண்டருக்காக நான் பலகையில் அடித்த பெட்டி. எல்லாப் பக்கமும் இழைத்து, மூடியை இறுக்கமாகப் பொருத்தியிருப்பேன். என் வேனில் எனக்குப் பெருமையான ஒரே சாமான். அவள் குனிந்து பெட்டியைத் திறந்து, சிலிண்டரை நகர்த்தி, அடியில் கையால் துழாவினாள்.

"அண்ணே" என்றாள். "ஒங்க பொட்டியில ஓட்டை எங்க?"

ஆறு வருடம். அதன் மேல் தலை வைத்துத் தூங்கியிருக்கிறேன்.

"இல்லம்மா" என்றேன்.

அவள் திரும்பி ஜாபரைப் பார்த்தாள். இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. வாயால் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் வந்து, தன் வண்டிக்குள் ஏறி, ஒரு நீலப் பெட்டியை எடுத்து வந்தான். திறந்தால் பேட்டரியில் ஓடும் டிரில். அதன் முனைகள் வரிசையாக, ஒவ்வொன்றும் தன் பள்ளத்தில். என் சிலிண்டரைத் தூக்கி வெளியே தூரமாக வைத்தான். என் வேனுக்கு அடியில் படுத்து, பெட்ரோல் டேங்க் எங்கே, ஒயர் எங்கே, சைலன்சர் எங்கே என்று பார்த்து, சாக்பீஸால் குறி போட்டான். எழுந்து வந்து பெட்டியோடும் தரையோடும் சேர்த்துத் துளைத்தான். பெரிய ஓட்டையாக இரண்டு. மரத்தூளை ஊதித் தள்ளிவிட்டு, தன் சாமானிலிருந்து கம்பி வலை ஒரு துண்டு வெட்டி, அதை அடியில் ஆணியடித்தான்.

நான் சிலிண்டரைத் தூக்கிவந்து உள்ளே வைத்தேன். அவன் டிரில்லைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தான். வண்டியில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான். ரஷீதா பேரீச்சம்பழப் பொட்டலம் ஒன்றை என் கையில் திணித்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

வண்டி நகர்ந்தது. நாலடி போய் நின்றது. ஜாபர் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"எலி வருதுன்னு துணிய வச்சு அடைச்சிராத மாப்ள."

போய்விட்டார்கள். நான் பலகைக் கட்டிலில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, அந்த ஓட்டை வழியாகத் தெரிந்த திண்டுக்கல் ரோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுத்தமான வட்டம். ஓரத்தில் ஒரு சிலும்புகூட இல்லை. அவ்வளவு நல்ல டிரில். எனக்கும் அப்படி ஒன்று வேண்டும்.